வெளிநாட்டுச் சரக்குந்துகளைத் தடுத்து வைத்தல் (ஐக்கிய இராச்சியம்)

வெளிநாட்டுச் சரக்குந்துகளைத் தடுத்து வைத்தல் என்பது, ஐக்கிய இராச்சியத்தின் சாலைகளில் உரிய உரிமமோ விலக்கோ இன்றி வணிக நோக்கில் சரக்கு ஏற்றிச் செல்லும் வாகனங்களை அரசு அதிகாரிகள் கைப்பற்றி வைத்துக்கொள்வதையும், உரிமையாளர் தமது உரிமையை நிறுவாதபோது அவற்றை விற்பதையும் அழிப்பதையும் குறிக்கும் சட்ட நடைமுறை ஆகும். சரக்குந்து என்பது தமிழகப் பேச்சு வழக்கில் லாரி என்றும் இலங்கையில் பாரவூர்தி என்றும் வழங்கும் வாகனம்.

இந்நடைமுறை வெளிநாட்டு வாகனங்களுக்கென்றே இயற்றப்பட்டதன்று. உரிமம் பெறாத உள்நாட்டு வாகனங்களைப் பிடிப்பதே அதன் முதல் நோக்கம். ஆயினும் ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் சரக்குந்துகள் பிரித்தானியாவினுள் எத்தனை நடை ஓடலாம் என்ற வரம்பும் இதே சட்டத்துடன் இணைந்திருப்பதால், வரம்பை மீறிய அயல்நாட்டு வாகனமும் உரிமமற்ற வாகனமாகிவிடுகிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடலாம் என்ற நிலை இதனால் மாறியது. ஒரே ஒரு வாகனத்தை வைத்துத் தொழில் செய்பவருக்கு அந்த வாகனம் போனால் தொழிலே போயிற்று.

இயக்குவோர் உரிமம்

பிரித்தானியாவில் சரக்குந்து ஓட்டுவதற்கு ஓட்டுநருக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும்; வாகனத்துக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். இவை போக, அத்தொழிலை நடத்தும் நபரோ நிறுவனமோ 'இயக்குவோர் உரிமம்' என்ற தனி உரிமத்தைப் பெற வேண்டும். இம்முறை 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. இன்று பெரிய பிரித்தானியாவில், அதாவது இங்கிலாந்து, வேல்சு, ஸ்கொட்லாந்து ஆகிய பகுதிகளில், 1995ஆம் ஆண்டின் சரக்கு வாகனங்கள் (இயக்குவோருக்கு உரிமம் வழங்கல்) சட்டம் இதனை ஆள்கிறது. பொதுவாக 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை கொண்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். 2022 மே 21 முதல், கூலிக்குச் சரக்கேற்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் 2.5 டன்னுக்கு மேற்பட்ட சிறு வாகனங்களும் இதனுள் வந்தன.

உரிமம் மூன்று வகைப்படும். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுவோருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றி நாட்டுக்குள் ஓடுவோருக்குத் தேசிய உரிமம். எல்லை தாண்டுவோருக்குப் பன்னாட்டு உரிமம். இவற்றை வழங்குவோர் போக்குவரத்து ஆணையர்கள் எனப்படுவர். இப்பதவி 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டது. இவர்கள் அமைச்சகத்தின் ஆணைக்குட்பட்ட அலுவலர்கள் அல்லர். தனித்து விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிசார் அதிகாரம் உடையவர்கள்.

தேசிய, பன்னாட்டு உரிமம் கேட்பவர் நான்கு தகுதிகளைக் காட்ட வேண்டும். அவை நற்பெயர், நிதி வலு, தொழில் தேர்ச்சி பெற்ற போக்குவரத்து மேலாளர், வாகனங்களை நிறுத்தி வைக்க நாட்டினுள் நிலையான இடம் என்பன. நிதி வலு என்பது 2022ஆம் ஆண்டு நிலவரப்படி முதல் கனரக வாகனத்துக்கு 8,000 பவுண்டும் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 4,500 பவுண்டும் கையிருப்பாகக் காட்டுவதாகும். பத்து வாகனம் வைத்திருப்பவர் 48,500 பவுண்டை எப்போதும் எடுக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும். வாகனத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லாதவர் தேய்ந்த தடையுடன் ஓட்டுவார் என்ற எண்ணமே இவ்விதிக்கு அடிப்படை.

உரிமம் பெறாதவருக்கு இச்செலவுகள் எவையும் இல்லை. ஆகவே அவர் குறைந்த கூலிக்கு நடை எடுக்க முடிகிறது. 2002க்கு முன் அவர் பிடிபட்டால் நேர்வது நீதிமன்ற அபராதம் மட்டுமே. அபராதத்தைத் தொழிற்செலவாகக் கணக்கெழுதிவிட்டு மீண்டும் ஓட்டியவர்கள் இருந்தனர். உரிமம் பெற்று ஒழுங்காகத் தொழில் நடத்துவோரின் குறை இதுவாகவே இருந்தது.

தடுத்து வைக்கும் அதிகாரம்

2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2அ என்ற பிரிவைச் சேர்த்தது. இதன் கீழ் 2001ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சரக்கு வாகனங்கள் (அமலாக்க அதிகாரங்கள்) ஒழுங்குவிதிகள் 2002 சனவரி 4 அன்று நடைமுறைக்கு வந்தன. அமலாக்கம் முதலில் வாகன ஆய்வகத்திடம் இருந்தது. 2003இல் வாகன மற்றும் இயக்குவோர் சேவை முகமையிடமும், 2014இல் ஓட்டுநர் மற்றும் வாகனத் தர முகமையிடமும் அது சென்றது. பெயர்ப்பலகை மாறியதேயன்றி, சாலையோரம் நிற்கும் ஆய்வாளரின் பணி ஏறத்தாழ அப்படியே உள்ளது.

ஒரு வாகனம் உரிமமின்றிப் பயன்படுத்தப்படுகிறது, அல்லது பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி அதனையும் அதிலுள்ள சரக்கையும் தடுத்து வைக்கலாம். முன்னதாக நீதிமன்றத்தில் குற்றம் நிறுவப்பட்டிருக்க வேண்டியதில்லை. வாகனத்தை நின்ற இடத்திலேயே நகர முடியாமல் பூட்டலாம். இழுத்துச் சென்று காப்பிடத்தில் நிறுத்தலாம்.

அடுத்து அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். வாகனம் இங்கிலாந்திலோ வேல்சிலோ பிடிபட்டால் லண்டன் அரசிதழ், ஸ்கொட்லாந்தில் பிடிபட்டால் எடின்பரோ அரசிதழ். அதில் வாகனத்தின் பதிவெண்ணும் பிடிபட்ட இடமும் நேரமும் இருக்கும். அறிவிப்பு வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள் உரிமையாளர் போக்குவரத்து ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். நேர்முக விசாரணை வேண்டும் என்று கேட்டால் அது நடத்தப்படும். கேட்காவிட்டால் எழுத்துச் சான்றுகளை வைத்தே முடிவு செய்யப்படும். ஆணையரின் முடிவை எதிர்த்து முன்பு போக்குவரத்துத் தீர்ப்பாயத்துக்கும், 2009 முதல் மேல் தீர்ப்பாயத்தின் நிருவாக மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் முறையிடலாம்.

வாகனத்தைத் திரும்பப் பெற விண்ணப்பதாரர் எடுத்துக்காட்டக்கூடிய காரணங்கள் நான்கே:

வாகனம் பிடிபட்டபோது அதைப் பயன்படுத்தியவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்தது.
வாகனம் சட்டத்துக்கு முரணாகப் பயன்படுத்தப்படவில்லை.
முரணாகப் பயன்படுத்தப்பட்டிருப்பினும் உரிமையாளருக்கு அது தெரியாது.
உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தார், மேலும் நிகழாதவாறும் நடவடிக்கை எடுத்துள்ளார்.

இந்நான்கில் ஒன்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். வறுமை, கடன், குடும்பச் சூழல் ஆகியவை இப்பட்டியலில் இல்லை. வாகனத்தின் விலை 5,000 பவுண்டா 80,000 பவுண்டா என்பதும் பட்டியலில் இல்லை. புதிய வாகனம் வைத்திருப்பவர் ஒரே தவறுக்குப் பன்மடங்கு அதிகம் இழக்கிறார். அபராதம் போலத் தவறின் அளவுக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத இத்தன்மையே இந்நடைமுறை மீது வைக்கப்படும் முதன்மையான குறை.

நடைமுறையில் சிக்கல் மிகுந்தது மூன்றாவது காரணம். இன்றைய சரக்குந்து பெரும்பாலும் ஒருவருடைய சொத்தாக இருப்பதில்லை. இழுவை வாகனம் நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும், இழுக்கப்படும் பெட்டி வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், உள்ளிருக்கும் சரக்கு மூன்றாமவருடையது, ஓட்டுபவர் நான்காமவர். விதிகளின்படி உரிமையாளர் என்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும் அல்லர். பிடிபட்ட நேரத்தில் தாமே சட்டப்படியான உடைமையாளர் என்று நிறுவுபவர். எனவே தவணைக் கடன் தந்த நிறுவனங்களும் வாடகைக்கு விட்ட நிறுவனங்களும் தாமே முன்வந்து, தமக்குத் தெரியாது என்று வாதிடலாம். தெரியாமை உண்மையானதா, கேட்டிருக்க வேண்டியதைக் கேளாமல் கண்ணை மூடிக்கொண்டதா என்பதை ஆணையர் எடை போடுகிறார். வாகனத்தை வாடகைக்கு விடும்போதே எடுப்பவரின் இயக்குவோர் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது பாதுகாப்பான வழக்கம்.

சரக்கின் உரிமையாளர் தமது பொருளைத் தனியாகக் கோரிப் பெறலாம். ஆனால் சந்தைக்குச் சென்றிருக்க வேண்டிய காய்கறிக்கு இரண்டு நாள் தாமதமே பேரிழப்பு. அதற்கு வாகனம் தடுக்கப்பட்டதா பழுதானதா என்பது ஒரு பொருட்டன்று.

வெளிநாட்டு வாகனங்களும் கபோட்டாஜ் விதியும்

போலந்திலோ எசுப்பானியாவிலோ பதிவான சரக்குந்து பிரித்தானிய இயக்குவோர் உரிமம் வைத்திருக்காது. அது தன் நாட்டில் பெற்ற பன்னாட்டு உரிமத்துடன், தற்காலிகப் பயன்பாட்டுக்கான விலக்கின் கீழ் வருகிறது. விலக்கின் வரம்புக்குள் இருக்கும் வரை உரிமம் வேண்டியதில்லை. வரம்பைத் தாண்டிய கணமே விலக்கு அறுந்துவிடும். வாகனம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவுக்கு முரணாக ஓடுவதாகிறது. தடுத்து வைக்கும் அதிகாரம் வெளிநாட்டு வாகனத்தைத் தொடுவது இந்த வழியாகத்தான்.

வரம்புகளில் முதன்மையானது கபோட்டாஜ் பற்றியது. ஒரு நாட்டில் பதிவான வாகனம் மற்றொரு நாட்டின் எல்லைக்குள்ளேயே ஓரிடத்தில் சரக்கேற்றி வேறோரிடத்தில் இறக்குவது கபோட்டாஜ் எனப்படும். பிரெஞ்சு மொழியில் கரையோரக் கப்பல் வணிகத்தைக் குறித்த இச்சொல் பின்னர் சாலைக்கும் வானூர்திக்கும் வந்தது. வார்சாவிலிருந்து பர்மிங்காமுக்குச் சரக்குக் கொண்டுவருவது பன்னாட்டுப் போக்குவரத்து. அதே வாகனம் பர்மிங்காமில் ஏற்றி லீட்சில் இறக்குவது கபோட்டாஜ்.

இதை முற்றாகத் தடை செய்தால் சரக்கை இறக்கிய வாகனம் வெறுமையாகத் திரும்ப நேரிடும். எரிபொருளும் வீண், சாலையும் வீண். முற்றாகத் திறந்துவிட்டாலோ, கூலி குறைந்த நாட்டு நிறுவனம் கூலி கூடிய நாட்டிலேயே நிலையாகத் தங்கித் தொழில் நடத்தும். அந்நாட்டு வரியும் உரிம நிபந்தனைகளும் அதற்குப் பொருந்தா. ஐரோப்பிய விதிகளின் வரலாறு இவ்விரு முனைகளுக்கு இடையே ஆடிய ஊசலின் வரலாறு எனலாம்.

1990 சூலை 1 முதல் ஐரோப்பியச் சமூக நாடுகளிடையே எண்ணிக்கை வரையறுத்த அனுமதிச் சீட்டுகள் வழியே கபோட்டாஜ் ஏற்கப்பட்டது. 1998 சூலை 1 முதல் சீட்டு முறை நீங்கி, 'தற்காலிகமாக' நடைபெறும் கபோட்டாஜ் எவருக்கும் திறந்துவிடப்பட்டது. தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்பதை ஒழுங்குவிதி சொல்லவில்லை. நாடுகள் தத்தம் விருப்பப்படி பொருள் கொண்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க 2009ஆம் ஆண்டின் 1072 எண் ஒழுங்குவிதி வந்தது. அதன் கபோட்டாஜ் பிரிவுகள் 2010 மே 14 முதல் நடைமுறைக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சரக்கை இறக்கிய பின், ஏழு நாட்களுக்குள், மூன்று கபோட்டாஜ் நடை வரை ஓடலாம் என்று அது வரையறுத்தது.

2022 பெப்ரவரி 21 முதல் ஒன்றியத்தில் மேலும் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. ஒரு நாட்டில் கபோட்டாஜ் முடித்த வாகனம் அடுத்த நான்கு நாட்களுக்கு அந்நாட்டில் மீண்டும் கபோட்டாஜ் செய்யக்கூடாது. வாகனம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. ஆனால் அதனை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று செல்லாதென அறிவித்தது.

ஒரு நடை என்பது எது

எண்ணிக்கையில் வரம்பு விதித்தவுடன் எண்ணுவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. ஒரே ஒப்பந்தத்தில் மூன்று கிடங்குகளில் ஏற்றி ஐந்து கடைகளில் இறக்கினால் அது ஒரு நடையா, பலவா? டென்மார்க் இதனைக் கடுமையாகக் கணக்கிட்டது. பல இடங்களில் ஏற்றலாம், அல்லது பல இடங்களில் இறக்கலாம். இரண்டையும் ஒரே நடையில் சேர்க்கக்கூடாது என்றது. ஐரோப்பிய ஆணையம் டென்மார்க்குக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. 2018 ஏப்ரல் 12 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நாள் கணக்கிலும் இதே நுணுக்கம் உண்டு. ஆணையத்தின் விளக்கப்படி, கொண்டுவந்த சரக்கு இறக்கப்பட்ட நாளுக்கு மறுநாள் நள்ளிரவு 0 மணியிலிருந்து ஏழு நாட்கள் எண்ணப்படும். திங்கட்கிழமை இறக்கியவருக்கு அடுத்த திங்கள் முடியும் வரை கெடு உண்டு.

இழுவை வாகனம் எங்கே பதிவானது என்பதே கணக்கு. பின்னால் மாட்டிய பெட்டி எந்நாட்டுடையது என்பதன்று. பிரித்தானியப் பெட்டியை அயல்நாட்டு இழுவை வாகனம் இழுத்துச் சென்றாலும் அது கபோட்டாஜ்தான்.

இவற்றையெல்லாம் சாலையோரத்தில் நிறுவுவது தாள்கள்தாம். 1956ஆம் ஆண்டு செனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி எழுதப்படும் சரக்குச் சீட்டில் அனுப்புநர், பெறுநர், ஏற்றிய இடம், நாள், எடை ஆகியன இருக்கும். 1072 எண் ஒழுங்குவிதி, உள்ளே வந்த பன்னாட்டு நடைக்கும் அதன்பின் ஓடிய ஒவ்வொரு கபோட்டாஜ் நடைக்கும் தனித்தனிச் சான்று வாகனத்தில் இருக்க வேண்டும் என்றது. ஓட்டுநர் சட்டப்படிதான் ஓடியிருப்பார். முந்தைய நடையின் சீட்டை இறக்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டு வந்திருப்பார். தவறு எழுத்தரின் தவறாக இருந்தாலும் ஆய்வாளர் முன் நிற்பவர் ஓட்டுநர்.

தாளுக்குத் துணையாகக் கருவியும் உண்டு. சரக்குந்தில் பொருத்தப்படும் டேக்கோகிராஃப் ஓட்டிய நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பதிகிறது. 2023 ஆகத்து 21 முதல் புதிய வாகனங்களில் பொருத்தப்படும் இரண்டாம் பதிப்புத் திறன் டேக்கோகிராஃப், செயற்கைக்கோள் இடங்காட்டி மூலம் வாகனம் எல்லை தாண்டியதைத் தானே குறித்துக்கொள்கிறது. ஏற்றியது, இறக்கியது ஆகியவற்றையும் அதில் பதியலாம். தர முகமை சாலைகளில் பதிவெண் படிக்கும் படக்கருவிகளையும் பயன்படுத்துகிறது. ஆனால் ஒரு வாகனம் நாட்டுக்குள் இருந்தது என்பதைக் கருவி சொல்லுமேயன்றி, அதில் யாருடைய சரக்கு இருந்தது என்பதைச் சொல்லாது.

பிரெக்சிட்டுக்குப் பின்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் இடையிலான வணிக, ஒத்துழைப்பு உடன்படிக்கை 2021 சனவரி 1 முதல் தற்காலிகமாகவும் மே 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒன்றியத்தின் வாகனம் ஐக்கிய இராச்சியத்துக்குள் சரக்கை இறக்கிய பின் ஏழு நாட்களில் இரண்டு கபோட்டாஜ் நடை ஓடலாம். முந்தைய மூன்று இரண்டாகக் குறைந்தது. பிரித்தானிய வாகனம் ஒன்றியத்துக்குள் இரண்டு கூடுதல் நடை ஓடலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே ஒரு நாட்டுக்குள் நிகழும் கபோட்டாஜ் ஆகலாம். அயர்லாந்துத் தீவின் நிலை கருதி, வட அயர்லாந்து நிறுவனங்களுக்கு அயர்லாந்துக் குடியரசில் இரண்டு நடை வரை இடம் தரப்பட்டது.

இவ்வரம்பு கல்லில் செதுக்கியது போல் நிற்கவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் பிரித்தானியாவில் சரக்குந்து ஓட்டுநர் பற்றாக்குறை கடுமையானது. எரிபொருள் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. அரசு 2021 அக்டோபர் 28 முதல் 2022 ஏப்ரல் 30 வரை, வெளிநாட்டு வாகனங்கள் உள்ளே வந்த 14 நாட்களுக்குள் எத்தனை கபோட்டாஜ் நடை வேண்டுமானாலும் ஓடலாம் என்று தளர்த்தியது. உள்நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சங்கம் இதை எதிர்த்தது. ஓட்டுநருக்குக் கூலி உயரத் தொடங்கிய நேரத்தில் மலிவான போட்டியை உள்ளே விடுவதாக அது கருதியது. அக்டோபர் 27 அன்று வாகனம் தடுக்கப்படக் காரணமாகும் அதே நடை, மறுநாள் அரசு வரவேற்கும் நடையாயிற்று என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளின் வாகனங்கள் இருநாட்டு உடன்படிக்கைகளின் கீழோ, பன்னாட்டுப் போக்குவரத்து மன்றத்தின் பலநாட்டு அனுமதிச் சீட்டின் கீழோ வருகின்றன. பலநாட்டுச் சீட்டு கபோட்டாஜுக்கு இடமளிப்பதில்லை.

பிற தடுப்பு அதிகாரங்கள்

சரக்குந்து ஒன்று சாலையோரம் பூட்டப்பட்டு நிற்பதைக் காண்பவர், அது எச்சட்டத்தின் கீழ் நிற்கிறது என்று எளிதில் சொல்ல முடியாது. உரிமமின்மைக்காகத் தடுப்பது அவற்றுள் ஒன்றே.

வெளிநாட்டு ஓட்டுநருக்கு அபராதச் சீட்டு எழுதினால், அவர் கப்பலேறிய பின் அதை வசூலிக்க வழியில்லாமல் இருந்தது. 2006ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2009 முதல், பிரித்தானியாவில் நம்பத்தக்க முகவரி இல்லாதவரிடம் அங்கேயே வைப்புத் தொகை வாங்கப்படுகிறது. கட்டும் வரை வாகனத்தை நகரவிடாமல் பூட்டலாம். ஓட்டும் நேர வரம்பை மீறுதல், மிகைச் சுமை, பழுதான தடை ஆகியவை இவ்வழியில் வருவன. வார ஓய்வான 45 மணி நேரத்தைத் தகுந்த வசதியற்ற இடத்தில் வாகனத்துக்குள்ளேயே கழிப்பதற்கு 2017 நவம்பர் முதல் 300 பவுண்டு அபராதம் விதிக்கப்படுகிறது. முழு வார ஓய்வை வாகனத்தில் எடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2017 திசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தது. வாரக்கணக்கில் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கும் ஓட்டுநருக்கு இவ்விதி நன்மை செய்யவே வந்தது. விடுதிக்கு முதலாளி பணம் தராதபோது அபராதச் சீட்டு அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது.

12 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குந்துகளுக்கு 2014 ஏப்ரல் 1 முதல் சாலைப் பயன்பாட்டு வரி உண்டு. வெளிநாட்டு வாகனங்கள் நாட்கணக்கிலும் இதைக் கட்டலாம். தொடக்கத்தில் உச்ச அளவு நாளொன்றுக்கு 10 பவுண்டு. 2020 ஆகத்து முதல் நிறுத்தி வைக்கப்பட்ட இவ்வரி 2023 ஆகத்தில் திருத்தப்பட்ட வடிவில் மீண்டது.

மறைந்து வருவோருக்கான தண்டம்

தடுப்பு அதிகாரங்களுள் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் இரண்டாம் பகுதி. சரக்குந்துக்குள் ஒளிந்து நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் 2,000 பவுண்டு வீதம், அவரைக் கொண்டுவந்த வாகனத்தின் உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், ஓட்டுநர் ஆகியோர் கட்ட வேண்டும் என்று இது விதித்தது. சரக்குந்துகளுக்கு 2000 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. தொகை கட்டப்படாது என்ற கடும் ஐயம் இருந்தால் வாகனத்தைத் தடுத்து வைக்கலாம். 84 நாட்களுக்குள் தீராவிட்டால் விற்கவும் வழி செய்யப்பட்டது.

அவ்வாண்டு சூன் 18 அன்று டோவர் துறைமுகத்தில், தக்காளி ஏற்றி வந்த டச்சுச் சரக்குந்தின் மூடிய பெட்டிக்குள் 58 சீனர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். இருவர் மட்டுமே உயிர் பிழைத்தனர். அந்த ஓட்டுநர் அறிந்தே செய்தவர்; தண்டனை பெற்றார். ஆனால் 2,000 பவுண்டு தண்டத்துக்கு ஆளானவர்களுள், கலே நகரில் உறங்கிக்கொண்டிருந்தபோது தார்ப்பாய் கிழிக்கப்பட்டதை அறியாதவர்களும் இருந்தனர். தண்டம் நிலையானது, குறைக்க இடமில்லை, தவறில்லை என்று காட்டும் சுமை தண்டம் பெற்றவர் மீது.

அயல்நாட்டுச் சரக்குந்து நிறுவனங்களும் ஓட்டுநர்களும் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு, முதலாவது நிறுவனத்தின் பெயரால் ரோத் வழக்கு எனப்படுகிறது. 2002 பெப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், இத்திட்டம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 6ஆம் பிரிவுக்கும் (நேர்மையான விசாரணை) முதல் நெறிமுறையின் 1ஆம் பிரிவுக்கும் (சொத்துரிமை) ஒவ்வாதது என்று முடிவு செய்தது. சைமன் பிரவுன், சொனாத்தன் பார்க்கர் ஆகிய நீதிபதிகள் பெரும்பான்மை. லாசு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தண்டம் நிலையான தொகை என்பது போய் உச்ச வரம்பு என்றாயிற்று. பொறுப்பின் அளவைக் கருத்தில் கொள்ளவும் நீதிமன்றத்தில் முறையிடவும் வழி பிறந்தது.

2019 அக்டோபரில் எசெக்சில் குளிர்ப்பெட்டி ஒன்றினுள் 39 வியட்நாமியர் இறந்து கிடந்தனர். 2023 பெப்ரவரி 13 முதல் உச்சத் தண்டம் ஒருவருக்கு 10,000 பவுண்டாக உயர்ந்தது. எவரும் ஒளிந்திராவிட்டாலும், வாகனத்தை உரியவாறு பூட்டிப் பாதுகாக்கத் தவறியதற்கே 6,000 பவுண்டு வரை விதிக்கலாம் என்ற புதிய பிரிவும் சேர்ந்தது. ஓட்டுநர்கள் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பின்னும் பூட்டு, முத்திரை, கூரை ஆகியவற்றைச் சரிபார்த்துப் பட்டியலில் குறித்து வைக்க வேண்டும்.

வேறு நாடுகளிலும் வட அயர்லாந்திலும்

பிரான்சில் கபோட்டாஜ் வரம்பை மீறுவது 15,000 யூரோ வரை அபராதத்துக்குரிய குற்றம். வாகனத்தை நிறுத்தி வைக்கவும் அங்கு அதிகாரம் உண்டு. தன் நாட்டில் பெயருக்கு ஓர் அஞ்சற்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தொழிலையும் வேறு நாட்டில் நடத்தும் நிறுவனங்களைத் தடுக்க, 2020ஆம் ஆண்டின் 1055 எண் ஒன்றிய ஒழுங்குவிதி நிலையான தொழிலிடம் பற்றிய நிபந்தனைகளைக் கடுமையாக்கியது.

வட அயர்லாந்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது. அங்கு 2010ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டு 2012 சூலையில் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்து ஆணையர் என்ற பதவி அங்கு இல்லை. உரிமம் வழங்கும் பணியை உட்கட்டமைப்புத் துறையின் போக்குவரத்து ஒழுங்குமுறைப் பிரிவு செய்கிறது. டப்ளினிலிருந்து பெல்பாஸ்ட் வழியாக ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறும் சரக்குந்து இவ்வாறு ஒரே பயணத்தில் மூன்று வேறு அமலாக்க அமைப்புகளின் கைக்குள் வந்து செல்கிறது.